மூன்றாவது கைப்பிடி

ஹிசானோவுக்கு நாக்கு செத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

பிப்ரவரியில், பனி ஜன்னல் மட்டத்துக்குக் குவிந்து கிடந்தபோது, ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாள். காய்ச்சல் போயிற்று. போகும்போது ருசியையும் கூட்டிக்கொண்டு போயிற்று. கஞ்சி சப்பென்று இருந்தது. காய்ச்சல் வாய் அப்படித்தான் இருக்கும் என்று உப்பில் ஊறிய பிளம் ஒன்றை எடுத்துக் கடித்தாள். புளிக்கவில்லை, கரிக்கவில்லை. ஈரத்துணியைக் கடித்தது போலிருந்தது. மார்ச் வந்தது, ஏப்ரல் வந்தது, பனி உருகி வாய்க்காலில் ஓடியது. நாக்கு மட்டும் திரும்பி வரவில்லை. என்றைக்காவது ஒருநாள் கசப்பு லேசாகத் தொண்டையில் தட்டும், அவ்வளவுதான்.

வேறு யாருக்காவது வந்திருந்தால் இது ஒரு கஷ்டம், சொல்லி அழுதுவிட்டுப் போகலாம். ஹிசானோவுக்கு இது பிழைப்பு. கமிசவா ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் மதியச் சாப்பாடு போகிற சமையல்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறாள். அறுநூறு பிள்ளைகளின் சூப்பும் குழம்பும் வண்டியேறும் முன் கடைசிக் கரண்டி அவளுடையது. அவள் ஒரு வாய் வைத்துப் பார்த்து "போகட்டும்" என்றால்தான் மூடி போடுவார்கள்.

அந்தக் கரண்டி அவளுக்குச் சும்மா வந்ததல்ல. முப்பத்து மூன்று வயதில் புருஷன் நகோயாவுக்கு வேறொருத்தியோடு போய்விட்டான். அதற்கப்புறம் கடைத்தெருவில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார்கள். பரிதாபம். அதைப் போல அவளுக்குப் பற்றியெரிகிற சமாச்சாரம் உலகத்தில் வேறில்லை. சமையல்கூடத்தில் சேர்ந்து நாலைந்து வருஷத்தில் அந்தப் பார்வை மாறியது. "ஹிசானோவுக்கு என்ன நாக்குடா சாமி" என்று பேச ஆரம்பித்தார்கள். புருஷன் போன கதை மறந்து நாக்குக் கதை நின்றது. இப்போது அந்த நாக்கும் போய்விட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

சொல்லவில்லை. சமையல்கூடத்தில் கிராம் அவளைக் காப்பாற்றியது. உப்பு இத்தனை, மிசோ விழுது இத்தனை, சோயா சாறு இத்தனை என்று சுவரில் ஒட்டியிருக்கும். அதை ஒரு குன்றிமணி பிசகாமல் நிறுத்துப் போட்டாள். வாய் வைத்துப் பார்க்கிற நேரத்தில் கண்ணை மூடி, ஒரு கணம் நின்று, "போகட்டும்" என்றாள். பள்ளியில் தலைமையாசிரியர் முதல் தட்டைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் அட்டைப்பெட்டியை வறுத்துக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். நாட்கள் ஓடின. ஒவ்வொரு நாளும் வண்டி திரும்பியதும் பாத்திரங்களில் எவ்வளவு மீந்திருக்கிறது என்று முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பாள்.

அப்படியே போயிருக்கும். நடுவில் மே எட்டாம் தேதி வந்து நின்றது.

மற்ற ஊர்களில் புத்தர் பிறந்தநாளை ஏப்ரலில் முடித்துவிடுவார்கள். கமிசவாவில் ஏப்ரலில் பூ ஏது? ஒரு மாதம் தள்ளித்தான் பூ மண்டபம் கட்டுவார்கள். சேய்கன்ஜி கோயில் முற்றத்தில் நாலு கால் நட்டு, கூரை முழுக்கப் பூ வேய்ந்து, நடுவில் செம்புத் தாம்பாளம் வைத்து, அதில் ஒரு சாண் உயரக் குழந்தை புத்தரை நிறுத்துவார்கள். ஒரு கை வானத்தைக் காட்டும், மறு கை பூமியைக் காட்டும். அவர் தலையில் சின்ன அகப்பையால் இனிப்புத் தேநீரை மூன்று முறை ஊற்றவேண்டும். அவர் பிறந்தபோது வானம் தித்திப்பாக மழை பெய்ததாம், அதனால். ஊற்றிய பிறகு அதே தேநீரை ஆளுக்கொரு கோப்பை குடிப்பார்கள்.

சர்க்கரை ஒரு சிட்டிகை கிடையாது அதில். வயல் வரப்பில் வளர்கிற ஒரு செடியின் இலையை ஊறப்போட்டு, காய வைத்து, கொதிக்க வைத்தால் தானாகவே தித்திக்கும். ஏழெட்டு வீடுகளிலிருந்து காகிதப் பைகளில் இலை வரும். ஒரு வீட்டு இலை சாது, ஒரு வீட்டு இலை முரடு. வருஷத்துக்கு வருஷம் வீரியம் மாறும். அதனால் இதற்கு அளவு என்று எவரும் எழுதி வைத்ததில்லை. நாக்குதான் அளவு. பன்னிரண்டு வருஷமாக ஹிசானோவின் நாக்கு.

இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் அகப்பை புத்தருக்கு விழும்வரை காய்ச்சுகிறவளைத் தவிர வேறு யாரும் அதை வாயில் வைக்கக்கூடாது. யாரையாவது கூப்பிட்டு "கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்று கேட்க முடியாது. கேட்டால் ஏன் என்பார்கள்.

அன்றைக்குக் காலை ஆறரைக்கே கோயில் சமையலறையில் பெரிய பாத்திரத்தை ஏற்றிவிட்டாள். சமையல்கூடத்துக்கு லீவு சொல்லியிருந்தாள். கண்ணளவில் ஒரு கைப்பிடி இலை போட்டு, நிறம் இறங்கியதும் கோப்பையில் ஊற்றிக் குடித்தாள். சுடுதண்ணீர். ஒன்றுமில்லை. தெரிந்ததுதான், தெரிந்தும் இன்னொரு கோப்பை குடித்தாள், எங்கேயாவது ஒரு மூலையில் தித்திப்பு அகப்படாதா என்று.

பெண்கள் சங்கத்து மசுயோ தலையை நீட்டினாள். மசுயோவுக்கு அறுபத்திரண்டு வயது, தபால் நிலையத்தில் ஓய்வு பெற்றவள். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"என்ன ஹிசானோ, இந்த வருஷமாவது ஒழுங்கா காய்ச்சுவியா? போன வருஷம் கோப்பை கழுவின தண்ணி மாதிரி இருந்துச்சு."

"போன வருஷம் மூணு கோப்பை குடிச்சீங்களே மசுயோ அக்கா."

"தாகம் எடுத்துச்சு, குடிச்சேன். நல்லா இருந்துச்சுன்னு சொன்னேனா?"

மசுயோ சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஹிசானோவுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீராக இருந்துவிட்டால்? இத்தனை பேர் முன்னால் "ஐயோ சப்புனு இருக்கே, ஹிசானோவுக்கு என்ன ஆச்சு" என்று ஒரு வாய் சொன்னால் போதும், பள்ளிவரைக்கும் போய்விடும். இரண்டாவது கைப்பிடியைப் போட்டாள். குடித்தாள். ஒன்றுமில்லை. இலை பழசோ என்னவோ என்று மனசுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டு மூன்றாவது கைப்பிடியையும் போட்டுக் கிளறினாள். இந்த முறை தொண்டையில் ஏதோ லேசாகத் தட்டியது. அப்பாடா, தித்திப்புதான் என்று நினைத்தாள். தித்திப்பு என்று நினைக்கத்தான் ஆசை. இருந்ததை இரண்டு பெரிய கெட்டில்களில் வடித்து, மீதியைப் புத்தரின் தாம்பாளத்துக்கு வைத்தாள்.

பத்து மணிக்குக் குழந்தைகள் பள்ளியிலிருந்து முப்பத்தோரு பிள்ளைகள் எண்பத்து நாலு படியேறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். கயோகோ டீச்சர் முன்னால், உதவிக்கு இருக்கும் மிடோரி பின்னால். பிக்கு ஜோகெய் மணியடித்து ஓதி முடித்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். பெரிய காது, சின்னக் குரல்.

"புத்தரை எதுக்குக் குளிப்பாட்டுறோம்? அவர் மேல அழுக்கா இருக்கு?"

"ஆமா" என்றது பாதிக் கூட்டம்.

"இல்லப்பா. அவரைக் காலைலதான் துடைச்சு வச்சேன். ஊத்தறது அவர் மேல. கழுவுறது நம்மள. உள்ளுக்குள்ள ஏதாவது அழுக்கா வச்சிருப்போம் இல்ல? யாரையாவது கிள்ளிட்டு நான் இல்லன்னு சொல்லியிருப்போம். அதை நினைச்சுக்கிட்டு ஊத்தணும்."

"சோப்பு வேண்டாமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நினைச்சாலே போதும். நினைக்கிறதுதான் கஷ்டம்."

காய்ச்சியவள்தான் முதல் அகப்பை ஊற்றவேண்டும். ஹிசானோ முன்னே போனாள். பன்னிரண்டு வருஷமாக ஊற்றுகிறாள், ஒரு வருஷம்கூட பிக்கு சொல்வதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. இன்றைக்குக் காதில் விழுந்தது. முதல் அகப்பை புத்தரின் தலையில் விழாமல் தோளில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. இரண்டு, மூன்று. பழுப்புத் தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றில் வழிந்து தாம்பாளத்தில் சொட்டியது. நாக்கைப் பற்றி எதையும் நினைக்காமல் இருக்க முயன்று, அதையே நினைத்தாள்.

பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். ஹிசானோ சுவரோரம் போய் நின்றாள். அப்போதுதான் வயிறு புரண்டது.

முதலில் பயம் என்று நினைத்தாள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால் என்று நினைத்தாள். வாயில் தண்ணீராக ஊறியது. நெற்றி குளிர்ந்தது. காலையிலிருந்து எத்தனை கோப்பை குடித்தோம் என்று எண்ணிப் பார்த்தாள். நாலு. நாலும் அந்தத் தேநீர்தான்.

சமையல்கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு தாள் குத்துவார்கள். எத்தனையோ முறை பார்த்த தாள். இனிப்புத் தேநீரைக் கடுமையாகக் காய்ச்சிக் குடித்தால் சின்னப் பிள்ளைகளுக்குக் குமட்டும், வாந்தி வரும், இலேசாகத்தான் காய்ச்சவேண்டும். தொண்டையில் தட்டியது தித்திப்பு இல்லை. கசப்பு. இலை மிஞ்சினால்தான் இந்தத் தேநீர் கசக்கும்.

மேசையில் மசுயோ முதல் கெட்டிலைத் தூக்கிக் கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்த முதல் நாலு பிள்ளைகள் மேசைப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள்.

ஹிசானோவுக்கு அந்தக் கணத்தில் தோன்றியது என்ன என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டுமானால், பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பது பாதி. எவருக்கும் தெரியாமல் காப்பாற்ற வேண்டும் என்பது மீதிப் பாதி. கால் தடுக்கியது போல மேசை மேல் போய் விழுந்தாள். முழங்கையால் இரண்டு கெட்டிலையும் ஒரே வீச்சில் தள்ளினாள். கோப்பைகள் உருண்டன. தேநீர் பலகை முழுக்க ஓடி மசுயோவின் காலுறையை நனைத்தது.

"அடி பாவி, கண்ணு எங்க வச்சிருந்த?"

"தலை சுத்திருச்சு அக்கா. மன்னிச்சிருங்க."

"முகம் வெளுத்துப் போச்சே. உக்காரு, உக்காரு. காலைல ஏதாவது சாப்பிட்டியா இல்லையா? ஒத்தையா இருந்தா இப்படித்தான், அடுப்பே பத்த வைக்க மாட்டா."

யாரோ விசிறினார்கள். யாரோ துணி கொண்டு வந்து துடைத்தார்கள். ஒரு பிள்ளை அழுதது, கயோகோ டீச்சர் அதைச் சமாதானம் பண்ணினாள். ஹிசானோ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தீர்ந்தது. தேநீர் போயிற்று, ஒருத்தரும் குடிக்கவில்லை, ஒருத்தருக்கும் தெரியவில்லை. உடம்பெல்லாம் லேசானது. அழுகை வரும் போலிருந்தது.

"பிள்ளைங்க பாவம், இங்க இருக்கறதுகளுக்கு டீ போச்சு" என்று கயோகோ டீச்சர் சொன்னாள். "நல்லவேளை, வாண்டுகளுக்காவது போய்ச் சேர்ந்திருக்கும்."

"எந்த வாண்டுகளுக்கு?"

"ரெண்டு வயசுக் குட்டிங்கதான் ஹிசானோ அக்கா. அதுங்களால இந்தப் படி ஏற முடியாதில்ல. நீங்க முதல் அகப்பை ஊத்தின உடனே மிடோரி பெரிய பிளாஸ்க்ல ரொப்பிட்டு சைக்கிள்ல கிளம்பிட்டா. இந்நேரம் போயிருப்பா."

ஹிசானோ எழுந்து நின்றாள்.

"போன் பண்ணுங்க. குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏன்?"

"பண்ணுங்க டீச்சர். முதல்ல பண்ணுங்க."

கயோகோ போனை எடுத்து அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது. பெண்கள் எல்லாரும் ஹிசானோவைப் பார்த்தார்கள். மசுயோ கையில் ஈரத்துணியோடு நிமிர்ந்தாள்.

"கெட்டில்தானே கவுந்துச்சு? டீக்கு என்ன கேடு? நீ ருசி பார்த்துத்தானே வச்ச?"

இதோ, இந்த இடத்தில் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். ஈ விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். பல்லி என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதெல்லாம் தோன்றத்தான் செய்தது. ஆனால் பல்லி என்றால் டீச்சர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை அடித்துப் பார்ப்பாள். குடித்துவிட்ட குழந்தைக்கு என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

"எனக்கு ருசி தெரியல" என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "பிப்ரவரில காய்ச்சல் வந்ததுலேர்ந்து தெரியல. உப்பு தெரியல, இனிப்பு தெரியல, ஒண்ணுமே தெரியல. கண்ணை மூடிட்டு மூணு கைப்பிடி போட்டுட்டேன். ரொம்பக் கடுமையா காய்ச்சிட்டேன். சின்னக் குழந்தைங்களுக்கு வாந்தி வரும். கெட்டிலை நான்தான் வேணும்னே தள்ளிவிட்டேன்."

பூ மண்டபத்தடியில் அகப்பையோடு நின்ற ஒரு பிள்ளை ஊற்றுவதா வேண்டாமா என்று பிக்குவைப் பார்த்தது. மசுயோ குனிந்து, கவிழ்ந்த கெட்டிலின் அடியில் தங்கியிருந்ததைக் கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். உடனே துப்பினாள்.

"கஷாயம்" என்றாள்.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. ஹிசானோ ஓடினாள். கோயில் செருப்போடு, ஏப்ரனோடு, எண்பத்து நாலு படி. நடுவில் ஒரு செருப்பு கழன்றது, அதை விட்டுவிட்டு ஓடினாள். கடைத்தெருவில் பயறு இனிப்பு விற்கும் கடைக்காரர் "என்னம்மா தீயா?" என்று கேட்டார். அவள் நிற்காமல் ஓடினாள்.

குழந்தைகள் பள்ளியின் விளையாட்டு அறையில் ஏழு குட்டிகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. எல்லார் கையிலும் காதுவைத்த பிளாஸ்டிக் கோப்பை. மிடோரி பிளாஸ்கை மூடிக்கொண்டிருந்தாள்.

"குடிக்காதீங்க. வாங்குங்க, வாங்குங்க எல்லாத்தையும்."

ஒன்றிரண்டு குழந்தைகள் அலறின. மிடோரி ஒன்றும் கேட்காமல் கோப்பைகளைப் பிடுங்கினாள், அந்தப் புத்தி அவளுக்கு இருந்தது. நாலு கோப்பை அப்படியே இருந்தது. இரண்டில் ஒரு வாய் குறைந்திருந்தது. ஒன்று காலி.

"யாரோடது இது?"

"யூனாவோடது" என்றாள் மிடோரி. "அவளுக்கு ரொம்பப் பிடிச்சுது. இன்னும் கேட்டா."

கசக்கிற அளவுக்குப் போனதை எப்படிக் குடித்தாளோ. சில குழந்தைகள் அப்படி. ஹிசானோ கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவமனைக்குச் சொல்லுங்கள், என்ன குடித்தாள் எவ்வளவு குடித்தாள் என்று சரியாகச் சொல்லுங்கள் என்றாள். அதற்கப்புறம் அவளை உள்ளே இருக்கவிடவில்லை. பள்ளி நர்ஸ் அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். செருப்பு அடுக்குகிற அலமாரியடியில் உட்கார்ந்தாள். சின்னச் சின்னச் செருப்புகள், ஒவ்வொன்றிலும் பெயர். உள்ளே ஒரு குழந்தை வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அழுகை. பிறகு மறுபடி வாந்தி. ஹிசானோ காதைப் பொத்தவில்லை. கேட்கவேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அவளுக்கே வாந்தி வந்தது, வாசல் சாக்கடைப் பக்கம் போய் எடுத்துவிட்டு மறுபடி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

யூனாவின் அம்மா வந்தாள், மரம் அறுக்கும் ஆலையின் சீருடையோடு. ஹிசானோ எழுந்து நின்று தலையைத் தாழ்த்தினாள். அவள் பார்க்காமல் உள்ளே போனாள். டாக்டர் வந்தார். பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று.

பன்னிரண்டேகாலுக்கு மசுயோ ஒரு கையில் கழன்ற செருப்போடும் மறு கையில் ஹிசானோவின் பையோடும் வந்து சேர்ந்தாள். செருப்பைக் காலடியில் போட்டாள்.

"போட்டுக்க. கால்ல ரத்தம் வருது."

"பிள்ளைங்க?"

"அங்க ஒண்ணும் இல்ல. புத்தருக்கு வெறுந்தண்ணி போதும்னு ஐயா சொல்லிட்டாரு. வாளில பிடிச்சு வச்சு எல்லாம் ஊத்திட்டுப் போச்சுங்க. ஒருத்தன் நாலு தடவ ஊத்தினான், கேட்டா நிறைய கிள்ளியிருக்கானாம்."

ஹிசானோ சிரிக்கவில்லை. மசுயோ பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரமான காலுறையைக் கழற்றிப் பிழிந்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு மேல" என்றாள். "என்கிட்ட சொல்ல வாய் வரலையா?"

"உங்ககிட்டயா? மறுநாள் தபாலோட வீடு வீடா போயிருக்கும்."

"போயிருக்கும்" என்று மசுயோ ஒத்துக்கொண்டாள். "போனா போகட்டுமே. அந்தக் குழந்தை இப்ப உள்ள கிடக்குது."

ஹிசானோ செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்குக் கதவு திறந்தது. யூனா அம்மாவின் தோளில் படுத்திருந்தாள். முகம் வெளுப்பு, கண் மட்டும் முழித்திருந்தது. வயிறு காலியாகிவிட்டது, தண்ணீர் நிற்கிறது, இனிப் பயமில்லை, ராத்திரி வரைக்கும் பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொன்னார். ஹிசானோ மறுபடி தலையைத் தாழ்த்தினாள், இந்த முறை நெற்றி முழங்காலைத் தொடும் வரைக்கும். அந்த அம்மா நின்றாள்.

"நீங்கதான பள்ளிக்கூடத்துல சமைக்கிறவங்க? என் பெரியவன் மூணாங்கிளாஸ். உங்க கறிச்சோறுன்னா உயிரு."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் போன பிறகு ஹிசானோ பையைத் திறந்து போனை எடுத்தாள். இந்நேரம் வண்டிகள் காலிப் பாத்திரங்களோடு திரும்பியிருக்கும், சமையல்கூடத் தலைவி ஓகுனோ கணக்கெழுத உட்கார்ந்திருப்பாள்.

"நாளைக்குப் பேசலாமே" என்றாள் மசுயோ. "இன்னிக்கு உடம்பு சரியில்லாம இருக்க."

"நாளைக்கும் அறுநூறு பேருக்கு சூப் இருக்கு அக்கா."

மணி இரண்டு முறை அடிப்பதற்குள் ஓகுனோ எடுத்தாள்.

"ஹிசானோவா? லீவு போட்டுட்டு என்ன போனு? புத்தர் நல்லா குளிச்சாரா?"

ஹிசானோ சொன்னாள். காய்ச்சல், நாக்கு, தேநீர், குழந்தை. வரிசையாக, எதையும் விடாமல். நடுவில் ஒரு இடத்தில்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதோடு பேச்சு நின்றுவிடும் என்று பயந்தாள். ஓகுனோவின் பக்கம் தட்டுகள் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு யாரையோ "கொஞ்சம் நிறுத்து" என்று அவள் சொல்வது கேட்டது.

"பிப்ரவரிலேர்ந்தா?"

"ஆமா."

"அப்ப இத்தனை நாளா பிள்ளைங்க சாப்பாட்டை ருசி பார்த்தது யாரு ஹிசானோ?"

மசுயோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்ல" என்றாள் ஹிசானோ.

அந்தப் பக்கம் ஓகுனோ கணக்குப் புத்தகத்தை மூடுவது கேட்டது. ஹிசானோ போனை வைக்கவில்லை, காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.